விளையாடினால் அணைந்து போகும் கம்ப்யூட்டர்: கோளாறு எங்கே?

பெங்களூரு ஸ்ரீராமபுரத்தில் ஒரு வீடு. இரவு 9 மணி. கல்லூரியில் படிக்கும் பையன் கம்ப்யூட்டரில் கார் பந்தயம் விளையாடிக்கொண்டு இருந்தான். கடைசிச் சுற்று. இன்னும் ஒரே ஒரு வளைவுதான் பாக்கி.

திடீரென்று திரை இருண்டது. பெட்டிக்குள் சுற்றிக்கொண்டு இருந்த விசிறிகள் நின்றன. சில வினாடிகளில் கம்ப்யூட்டர் தானாகவே மறுபடியும் உயிர் பெற்றது, ஒன்றுமே நடக்காதது போல!

ஒரு மாதமாக இதே கதைதான். கடிதம் தட்டச்சு செய்தால் கோளாறு இல்லை. பாடம் படித்தால் கோளாறு இல்லை. சினிமா பார்த்தாலும் கோளாறு இல்லை. விளையாட்டைத் தொடங்கினால் பத்தாவது நிமிடம் அணைந்துவிடும்.

"படிக்கிறதுக்குன்னு வாங்கிக் கொடுத்தேன். விளையாடி விளையாடியே கெடுத்துட்டான்" என்றார் அப்பா.

"அது பழசுப்பா. அதான் இப்படி ஆகுது" என்றான் பையன்.

கடையில் காட்டினார்கள். கடைக்காரர் பெட்டியை ஒரு பக்கம் திறந்து பார்த்தார். "மதர்போர்டு போய்விட்டது. 2017-ல் வாங்கியதற்கு இனிமேல் செலவு செய்வது வீண். 60 ஆயிரம் ரூபாயில் புதிதாகப் போட்டுத் தருகிறேன்" என்றார்.

60 ஆயிரம் ரூபாய்! அந்த வீட்டில் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த பணமே அவ்வளவுதான். பையனுக்கும் அப்பாவுக்கும் இரண்டு நாள் பேச்சுவார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் அதே தெருவில் குடியிருக்கும் மெக்கானிக் ஒருவர் வந்தார். பல வருடங்களாக டி.வி.யும் கம்ப்யூட்டரும் பழுது பார்ப்பவர். "அண்ணே, பணத்தை எடுக்காதீங்க. முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்" என்றார். அவர் பார்த்த முறை எல்லா வீட்டுக்கும் பயன்படும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

குற்றவாளி விளையாட்டா?

சத்தியமங்கலத்தில் இருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறும் பழைய லாரியை எண்ணிப் பாருங்கள். சமவெளியில் நன்றாகத்தான் ஓடும். 27 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு ஏறும்போதுதான் ரேடியேட்டர் கொதிக்கும். அதற்காக மலை லாரியைக் கெடுத்துவிட்டது என்று யாரும் சொல்வது இல்லை. ஏற்கனவே இருந்த பழுதை மலை காட்டிக் கொடுத்தது. அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு விளையாட்டுதான் மலை. கடிதம் எழுதும்போது பிராசசர் பெரும்பாலான நேரம் சும்மாவே இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டுக்கு வேலையே இல்லை. விளையாட்டு தொடங்கியதும் இரண்டும் முழு மூச்சாக உழைக்கின்றன. அந்த வீட்டு கம்ப்யூட்டரில் இருந்தது ஜி.டி.எக்ஸ். 1060 என்ற கிராபிக்ஸ் கார்டு. அது மட்டுமே 120 வாட் மின்சாரம் இழுக்கக் கூடியது. பிராசசருக்கு 65 வாட். இப்படி இழுக்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே வெளியே வந்தாக வேண்டும்.

ஆகவே விளையாட்டின்போது மட்டும் அணைகிறது என்றால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இரண்டு: வெப்பம், மின்சாரம். அதற்குப் பிறகுதான் மெமரி, டிரைவர், மற்றவை எல்லாம்.

எப்படி அணைகிறது?

வைத்தியர் முதலில் நாடி பார்ப்பார். மெக்கானிக்கும் பெட்டியைத் தொடுவதற்கு முன்பு பையனிடம் ஒரு கேள்வி கேட்டார். "எப்படி அணையுது? சரியா சொல்லு தம்பி."

இந்தக் கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது.

கரண்ட் போனது போல ஒரே நொடியில் எல்லாம் நின்றால், சந்தேகம் மின்சாரம் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் மீதும், கடுமையான வெப்பத்தின் மீதும் விழுகிறது.

நீலத் திரை தோன்றி ஏதோ ஒரு பிழையின் பெயரைக் காட்டினால், மெமரி அல்லது டிரைவர். அந்தப் பெயரை உடனே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

திரை மட்டும் கறுத்து, பாட்டும் சத்தமும் தொடர்ந்து கேட்டால், கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் டிரைவர்.

திரையில் வண்ணப் புள்ளிகளும் கோடுகளும் கட்டங்களும் தோன்றினால், கிராபிக்ஸ் கார்டில் உள்ள மெமரி கெட்டுப் போகத் தொடங்கி இருக்கலாம்.

விளையாட்டு மட்டும் மூடிக்கொண்டு, மற்றவை எல்லாம் அப்படியே ஓடினால், பெரும்பாலும் அந்த விளையாட்டின் பைல்களில் பழுது இருக்கும். அதற்காக யாரும் திருப்புளியை எடுக்க வேண்டியது இல்லை.

விண்டோசில் 'ஈவென்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு இருக்கிறது. எதிர்பாராமல் அணைந்தால் 'கெர்னல் பவர் 41' என்று அதில் பதிவாகும். இதைப் பார்த்ததும் பலர் 'பவர் சப்ளை போய்விட்டது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. 'கம்ப்யூட்டர் முறைப்படி மூடப்படவில்லை' என்பது மட்டுமே அதன் பொருள். காரணம் என்ன என்று அது சொல்வது இல்லை.

முதல் வேலை எது?

பெட்டியைத் திறப்பது அல்ல! பையனின் பாடங்கள், குடும்பப் புகைப்படங்கள், அப்பாவின் சீட்டுக் கணக்கு எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்கில் பிரதி எடுக்கச் சொன்னார் மெக்கானிக். அடிக்கடி திடீரென்று அணையும் கம்ப்யூட்டரில், எழுதிக்கொண்டு இருக்கும்போதே பைல்கள் சிதைந்து போகலாம். கம்ப்யூட்டரை விலைக்கு வாங்கலாம். போன புகைப்படத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இரண்டாவதாக ஒரு நோட்டுப் புத்தகம் கேட்டார். என்ன செய்தோம், பிறகு எத்தனை நிமிடம் ஓடியது என்று ஒவ்வொரு முறையும் எழுத வேண்டும். ஒரு தடவைக்கு ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். நாலு காரியத்தை ஒன்றாகச் செய்துவிட்டு, கோளாறு சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் எதைத் தள்ளுவது என்றும் தெரியாது.

வெப்பம்

வெப்பத்தைக் காட்டும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. 'எச்.டபிள்யூ. மானிட்டர்' அவற்றில் ஒன்று. அதை ஓடவிட்டு விளையாடச் சொன்னார். பத்து நிமிடத்தில் பிராசசரின் வெப்பம் 97 டிகிரி செல்சியசைத் தொட்டது.

பெரும்பாலான இன்டெல் பிராசசர்களுக்கு உச்ச வரம்பு 100 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. அதை நெருங்கும்போது பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கு மேலும் சூடு ஏறினால் கம்ப்யூட்டரையே அணைத்துவிடும். விளையாட்டின்போது 90 டிகிரியைத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் இருக்கும் காற்றின் சூடும் இதில் சேர்கிறது. 2016-ம் ஆண்டு ஏப்ரலில் பெங்களூருவிலேயே வெயில் 39.2 டிகிரியைத் தொட்டது. 'இது குளிர்ந்த ஊர்' என்று கம்ப்யூட்டரை அலமாரிக்குள் அடைத்து வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். பெட்டியைச் சுற்றி காற்று போக இடம் வேண்டும்.

பெட்டியைத் திறந்தார்கள். பிராசசர் மீது இருக்கும் உலோகத் தகடுகளின் நடுவே கம்பளி போட்டது போல தூசி! விசிறி சுற்றியும் காற்று உள்ளே போக வழி இல்லை.

சுத்தம் செய்வதிலும் முறை உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவிட்சை ஒரு முறை அழுத்தி மிச்சம் இருக்கும் மின்சாரத்தைப் போக்க வேண்டும். பெட்டியின் உலோகத்தைத் தொட்ட பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். பிளோயரால் ஊதும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுற்றி பேரிங் கெட்டுவிடும். வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ளே விடுவது நல்லது அல்ல. அதன் குழாயில் உண்டாகும் நிலைமின்சாரம் நுண்ணிய பாகங்களைத் தாக்கக்கூடும்.

பிராசசருக்கும் தகட்டுக்கும் நடுவே பூசியிருக்கும் 'தெர்மல் பேஸ்ட்' நாளடைவில் காய்ந்துவிடுகிறது. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். ஏ.எம்.டி.யின் ஏ.எம். 4 வகை பிராசசர் உள்ளவர்கள் ஒரு எச்சரிக்கையை மனதில் கொள்ள வேண்டும். கூலரை நேராக மேலே இழுத்தால், காய்ந்த பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் பிடுங்கி வந்துவிடும். கம்பிகள் வளைந்தால் அதோடு சரி. சிறிது நேரம் ஓடவிட்டு, சூடு ஏறியதும் அணைத்து, பிறகு மெல்லத் திருகி எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்த பிறகு வெப்பம் 72 டிகிரிக்கு இறங்கியது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. பையன் விளையாட உட்கார்ந்தான்.

பத்து நிமிடம் போனது. இருபது, முப்பது நிமிடம் போனது. நாற்பதாவது நிமிடம் திரை இருண்டது!

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அப்பா எழுந்தார். "உட்காருங்கண்ணே. பத்து நிமிஷம் நாப்பது நிமிஷம் ஆகியிருக்கு. ஒரு திருடனைப் பிடிச்சாச்சு. இன்னொருத்தன் உள்ளே இருக்கான்" என்றார் மெக்கானிக்.

மின்சாரம்

இங்கே பலர் மறந்துவிடும் ஒன்று யு.பி.எஸ். வீடுகளில் இருக்கும் சிறிய 600 வி.ஏ. யு.பி.எஸ். ஏறக்குறைய 360 வாட் வரைதான் தாங்கும். அதன் பாட்டரிக்கு ஆயுள் இரண்டு, மூன்று வருடம். பாட்டரி தளர்ந்த பிறகு, விளையாட்டின் பாரம் ஏறியிருக்கும் நேரத்தில் மின்சாரம் ஒரு கணம் தாழ்ந்தால் போதும், யு.பி.எஸ். கைவிட்டுவிடும். பழி கம்ப்யூட்டர் மீது விழும். இதைச் சோதிக்கக் காசு செலவு இல்லை. யு.பி.எஸ்.சை விலக்கிவிட்டு, எர்த் இணைப்பு உள்ள சுவர் பிளக்கில் நேராகச் செருகிப் பார்க்க வேண்டும்.

பார்த்தார்கள். அப்போதும் அணைந்தது. நோட்டுப் புத்தகத்தில் யு.பி.எஸ்.சின் பெயர் அடிக்கப்பட்டது.

அடுத்தது எஸ்.எம்.பி.எஸ். வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட், 5 வோல்ட் என்று மாற்றிக் கொடுப்பது இதுதான். 12 வோல்ட் கம்பியில் 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம் என்பது விதி. மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு கணம் மட்டும் தாழ்ந்து எழும் மின்சாரத்தைச் சாதாரண மீட்டர் காட்டாது. அந்த ஒரு கணமே கம்ப்யூட்டரை அணைக்கப் போதும். எனவே மீட்டர் 'சரி' என்று சொன்னாலும் எஸ்.எம்.பி.எஸ். குற்றமற்றது என்று ஆகிவிடாது.

எஸ்.எம்.பி.எஸ்.சுக்கு வயதாவது கப்பாசிட்டர்களால்தான். உள்ளே இருக்கும் திரவம் காலப்போக்கில் வற்றுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இவற்றின் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிப்போன கணக்கு. தூசி அடைத்த பெட்டியில் அது எத்தனை வேகமாக முதுமை அடையும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயம். எஸ்.எம்.பி.எஸ். மீது ஒட்டியிருக்கும் '450 வாட்' சீட்டை அப்படியே நம்பக் கூடாது. கேபினட்டோடு இலவசமாக வரும் மலிவான பெட்டிகள் பல, சீட்டில் உள்ளதைத் தொடர்ந்து கொடுக்க முடியாதவை. '80 பிளஸ்' சான்று உள்ளவை ஓரளவு நம்பத் தகுந்தவை.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை: எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி இருக்கலாம். உயிருக்கே ஆபத்து.

மெமரியும் மற்றவையும்

எஸ்.எம்.பி.எஸ். மீது சந்தேகம் பலமாக இருந்தாலும் மெக்கானிக் அதை உடனே வாங்கச் சொல்லவில்லை. "செலவில்லாத சோதனை எல்லாம் முதல்ல" என்றார்.

'மெம்டெஸ்ட் 86' என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் மெமரியைச் சோதிக்க விட்டார். இதில் ஒரு பிழை வந்தாலும் மெமரியைச் சந்தேகிக்க வேண்டும். 'ஒன்றுதானே' என்று விடக் கூடாது. பிழை வந்தால் இரண்டு மெமரி அட்டைகளில் ஒன்றைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்துச் செருகினாலே பல கம்ப்யூட்டர்கள் பிழைத்துக்கொள்வதை நம் ஊர் மெக்கானிக்குகள் அறிவார்கள். 2025-ம் ஆண்டின் இறுதியில் மெமரி விலை கடுமையாக உயர்ந்தது. எனவே சோதிக்காமல் புதிய மெமரி வாங்குவது புத்திசாலித்தனம் அல்ல.

காலையில் பார்த்தால் பிழை ஒன்றும் இல்லை.

'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' மூலம் டிஸ்கின் உடல்நிலை பார்க்கப்பட்டது. நலம்.

கிராபிக்ஸ் டிரைவரை முழுமையாக நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினார்கள். பயன் இல்லை. டிரைவர் விஷயத்தில் பழைய கார்டு வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஜி.டி.எக்ஸ். 1060 போன்ற கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் 2025-ம் ஆண்டு அக்டோபரோடு முடியும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்தது. எனவே மிகப் புதிய விளையாட்டு ஒன்று மட்டும் ஓடாவிட்டால், கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று எண்ணிப் பதற வேண்டாம்.

தவறான இடத்தில் பழி

கம்ப்யூட்டர் சொல்லும் காரணத்தையே நம்பி ஏமாறுவதும் உண்டு. 2024-ம் ஆண்டில் உலகம் முழுவதும் இது நடந்தது. இன்டெல்லின் 13, 14-வது தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களை வாங்கியவர்கள் பலருக்கு விளையாட்டு பாதியில் நின்றது. திரையில் தோன்றிய செய்தி: 'வீடியோ மெமரி போதவில்லை.' எல்லோரும் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கடைசியில் கோளாறு பிராசசரில் இருந்தது! அளவுக்கு மீறிய மின்னழுத்தம் அதைச் சிறிது சிறிதாக அரித்திருந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் இன்டெல் திருத்தம் வெளியிட்டது. உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது.

புதிய, விலை உயர்ந்த கம்ப்யூட்டருக்கே இந்த நிலை. பழையது என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தூக்கி எறிய வேண்டியது இல்லை. புதியது என்பதற்காக ஒன்றை நம்பிவிடவும் முடியாது.

முடிவு என்ன?

எஞ்சியது எஸ்.எம்.பி.எஸ். ஒன்றுதான். மெக்கானிக் தன் கடையில் இருந்து நல்லது ஒன்றை இரவலாகக் கொண்டுவந்து பொருத்தினார். பையன் விளையாடினான். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு மணி, மூன்று மணி நேரம் ஆனது. அணையவே இல்லை.

மறுநாள் அப்பாவும் பையனும் சேர்ந்து எஸ்.பி. ரோட்டுக்குப் போனார்கள். பெங்களூரு டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சாலையில் கம்ப்யூட்டர் பாகங்கள் விற்காத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 80 பிளஸ் சான்று பெற்ற 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஒன்றும், தெர்மல் பேஸ்ட் குழாய் ஒன்றும் வாங்கினார்கள். மொத்தச் செலவு 3 ஆயிரத்து 500 ரூபாய்க்குள் அடங்கியது.

பழைய பெட்டியில் இருந்த மின்சாரத்தைப் போக்கிவிட்டு, மெக்கானிக் அதைத் திறந்து காட்டினார். இரண்டு கப்பாசிட்டர்களின் தலை வீங்கிப் போயிருந்தது. கடைக்காரர் குற்றம் சாட்டிய மதர்போர்டுக்கு ஒரு குறையும் இல்லை!

எப்போது கைவிடலாம்?

எல்லாப் பழைய கம்ப்யூட்டரும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வேறு நல்ல எஸ்.எம்.பி.எஸ். போட்டும், வெப்பம் சரியாக இருந்தும், திரையில் வண்ணக் கட்டங்கள் தோன்றினால் கிராபிக்ஸ் கார்டின் காலம் முடிகிறது என்று கொள்ளலாம். மதர்போர்டிலேயே கப்பாசிட்டர்கள் வீங்கியிருந்தால் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். பழுது பார்க்கும் செலவு, அதே தரத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கும் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடுவதே நல்லது.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. 2017-ல் வாங்கிய பல கம்ப்யூட்டர்கள் விண்டோஸ் 11-க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. இப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களில் இலவசமாகக் கிடைக்கும் லினக்சை ஏற்றிப் பாடங்களுக்குப் பயன்படுத்தலாம். ஆதரவு முடிந்த விண்டோசில் பாங்கிக் கணக்கைத் திறப்பதைத் தவிர்க்க வேண்டும்.

ஸ்ரீராமபுரம் வீட்டில் அந்த நோட்டுப் புத்தகம் இப்போதும் கம்ப்யூட்டர் பக்கத்திலேயே இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தூசி தட்ட வேண்டும் என்று அதன் முதல் பக்கத்தில் அப்பா தன் கையாலேயே எழுதி வைத்திருக்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் உரிய நாளில் கட்டப்பட்டது.

"இனிமே விளையாட்டால கெட்டுதுன்னு சொல்லமாட்டேன். ஆனா ராத்திரி பத்து மணிக்கு மேல விளையாடினா நானே பிளக்கைப் பிடுங்கிடுவேன்" என்று அப்பா சொல்லி இருக்கிறார்.

அந்தக் கோளாறுக்கு மட்டும் எந்த மெக்கானிக்கிடமும் வைத்தியம் கிடையாது!